உங்களுக்குத் தெரியுமா? வைரஸ் காய்ச்சலும் ரத்தம் உறையும் கணக்கும்

மழைக்காலம் வந்தால் நம் ஊர் மருத்துவமனை வாசல்களில் அதிகம் காதில் விழும் கேள்வி, "கவுண்ட் எவ்வளவு?" என்பதுதான். கொரோனா காலத்தில் அதே வாசல்களில் 'டி-டைமர்' என்ற சொல் புழங்கியது. டெங்குவில் ரத்தம் கசிந்துவிடுமோ என்று பயந்தோம். கொரோனாவில் ரத்தம் உறைந்துவிடுமோ என்று பயந்தோம். வைரஸ் நுழைந்தால் ரத்தத்துக்கு ஏன் இப்படி இரண்டு பக்கமும் ஆபத்து வருகிறது? ரத்தம் உறைவது காயத்தை அடைக்க மட்டும் வந்த ஏற்பாடு இல்லை. கிருமியை எதிர்க்கும் ஆயுதங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆயுதம் அளவு மீறினால் என்னென்ன ஆகும் என்பதைத் துணுக்குகளாகப் பார்ப்போம்.

நண்டின் நீல ரத்தம்

1956-ல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெடரிக் பேங் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார். குதிரைலாட நண்டின் உடலில் ஒருவகைப் பாக்டீரியாவைச் செலுத்தியபோது, அதன் ரத்தம் குழாய்களுக்குள்ளேயே கெட்டியாகிவிட்டது. கிருமியை எதிர்ப்பதும் ரத்தத்தை உறைய வைப்பதும் அந்த உயிரினத்தில் ஒரே வகை அணுவின் வேலை. கிருமியை நுழைந்த இடத்திலேயே உறைய வைத்து, மேலே பரவாமல் தடுத்துவிடும். நம் உடம்பில் இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனி அணுக்கள் பார்க்கின்றன. ஆனால் பழைய உறவு விட்டுப்போகவில்லை. ஒன்று கிளம்பினால் மற்றதும் கிளம்பும். பேங்கின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த சோதனையால்தான் ஊசி மருந்துகளிலும் தடுப்பூசிகளிலும் பாக்டீரிய நச்சு இருக்கிறதா என்று பல பத்தாண்டுகளாகப் பரிசோதிக்கிறார்கள்.

உட்கரு இல்லாத ஊழியர்கள்

தட்டணு, அதாவது பிளேட்லெட், முழுமையான அணுவே இல்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய அணுக்களிலிருந்து உதிரும் துணுக்கு அது. அகலம் இரண்டு, மூன்று மைக்ரோமீட்டர்தான். உட்கரு கிடையாது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு; இந்த எண்ணிக்கையைத்தான் 'கவுண்ட்' என்கிறோம். ஆயுள் 7 முதல் 10 நாள். தேய்மானத்தை ஈடுகட்ட உடம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 கோடித் தட்டணுக்களைப் புதிதாகத் தயாரிக்கிறது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மண்ணீரலில் இருப்பில் கிடக்கும். 1882-ல் இவற்றைத் தனி வகையாக அடையாளம் காட்டியவர் இத்தாலியரான ஜூலியோ பிட்சோசெரோ. பறவைகளுக்கும் மீன்களுக்கும் இதே வேலைக்கு உட்கருவுள்ள அணுக்கள் இருக்கின்றன.

காவலும் அவையே

தட்டணுக்களின் மேற்பரப்பிலும் உள்ளேயும் கிருமியை அடையாளம் காணும் ஏற்பிகள் உண்டு. வெள்ளையணுக்களிடம் இருக்கும் அதே வகை ஏற்பிகள்தான். வைரஸ் ஒட்டினால் தட்டணு விழித்துக்கொள்ளும். தனக்குள் வைத்திருக்கும் பைகளைத் திறந்து, வெள்ளையணுக்களை அழைக்கும் ரசாயனங்களைக் கொட்டும். சில வைரஸ்களைத் தானே விழுங்கவும் செய்யும். இந்தப் போரில் ஏராளமான தட்டணுக்கள் செலவாகின்றன. வைரஸ் காய்ச்சல் வந்தாலே கவுண்ட் கொஞ்சம் இறங்குவதற்கு இது ஒரு காரணம். மஜ்ஜையில் உற்பத்தி சில நாள் மந்தமாவது இன்னொரு காரணம்.

தன் உட்கருவையே வீசும் அணு

வெள்ளையணுக்களில் பெரும்பான்மை நியூட்ரோஃபில்கள். இவை கிருமியை விழுங்கிக் கொல்லும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். 2004-ல் பெர்லின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தினர் இன்னொரு வித்தையைக் கண்டுபிடித்தார்கள். நியூட்ரோஃபில் தன் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை வெளியே வலையாக வீசி, கிருமிகளை அதில் சிக்க வைக்கிறது. சிக்கல் எங்கே என்றால், அந்த வலையில் கிருமி மட்டும் சிக்குவதில்லை. தட்டணுக்களும் உறைபொருள்களும் வந்து ஒட்டிக்கொள்ளும். வலை அதிகமானால் சிறு ரத்தநாளம் அடைபடும்.

காயமே இல்லாமல் ரத்தம் உறைவது எப்படி?

கத்தி பட்டால் ரத்தம் உறையத் தொடங்குவதற்கு 'திசுக் காரணி' என்ற புரதம் தூண்டுகோல். இயல்பாக இது ரத்தநாளச் சுவருக்கு வெளியே இருக்கும். ரத்தம் இதைத் தொடுவதில்லை. குழாய் கிழிந்தால்தான் சந்திப்பு நிகழும். ஆனால் வைரஸால் கடும் அழற்சி ஏற்படும்போது, ரத்தத்தில் சுற்றும் மோனோசைட் என்ற வெள்ளையணுக்கள் தங்கள் மேற்பரப்பிலேயே திசுக் காரணியை ஏந்தி வரத் தொடங்குகின்றன. அப்போது கிழிசல் எதுவும் இல்லாமலே குழாய்க்குள் உறைதல் ஆரம்பமாகிவிடும்.

ஒன்று மற்றதை ஊதிவிடும்

உறைதலின் கடைசிக் கட்டத்தில் திராம்பின் என்ற நொதி ஃபைப்ரின் இழைகளை உண்டாக்கிக் கட்டியை இறுக்குகிறது. அதே திராம்பின், ரத்தநாளத்தின் உட்பூச்சு அணுக்களைத் தூண்டி அழற்சியையும் கூட்டுகிறது. அழற்சி கூடினால் இன்னும் திராம்பின் உருவாகும். அளவோடு நடந்தால் இது கிருமியை ஓரிடத்தில் மடக்கும் நல்ல ஏற்பாடு. இதற்கு 2013-ல் 'நோயெதிர்ப்பு உறைவு' என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள். கட்டுப்பாடு போனால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று எங்கும் நுண்கட்டிகள் உருவாகும்.

170 ஆண்டு பழைய விதி

ரத்தக்கட்டி உருவாக மூன்று காரணங்களை மருத்துவர்கள் இன்றும் எண்ணிப் பார்ப்பார்கள்: ரத்தநாளச் சுவரில் சேதம், ரத்த ஓட்டத்தில் தேக்கம், ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ 1856-ல் வெளியிட்ட ஆய்வின் வழி வந்த மூவிதி இது. கடுமையான வைரஸ் நோயில் மூன்றும் ஒன்றுசேர்ந்துவிடும். வைரஸும் அழற்சியும் சுவரைக் கெடுக்கின்றன. படுத்த படுக்கையாகக் கிடப்பதால் கால்களில் ஓட்டம் மந்தமாகிறது. ஈரல் உறைபொருள்களைக் கூடுதலாகச் சுரக்கிறது.

லேப் ரிப்போர்ட்டில் இரண்டு எழுத்துக்கூட்டங்கள்

ஈ.எஸ்.ஆர். சோதனையில், குழாயில் நிறுத்திய ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்க்கிறார்கள். அவை வேகமாக இறங்கக் காரணம் பெரும்பாலும் ஃபைப்ரினோஜன். ரத்தம் உறையத் தேவையான அதே புரதம்தான்! அது கூடும்போது சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு கனம் கூடி இறங்குகின்றன.

சி.ஆர்.பி. என்ற புரதம் 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்டது. இன்டர்லூகின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞை ஈரலுக்குப் போனால், சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜன் இரண்டின் உற்பத்தியும் ஒருசேர ஏறும். அழற்சியும் உறைதலும் ஒரே ஆணைக்குக் கட்டுப்பட்டவை என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டியதில்லை.

டி-டைமர் எதைக் காட்டுகிறது?

கட்டியைக் காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கட்டி கரைந்ததன் மிச்சம். இறுகிய ஃபைப்ரின் இழைகளை பிளாஸ்மின் என்ற நொதி வெட்டும்போது சிதறும் துண்டுகளில் ஒன்றுதான் டி-டைமர். அளவு உயர்ந்தால் எங்கோ உறைதலும் கரைதலும் நடக்கிறது என்று பொருள். ஆனால் கர்ப்பம், முதுமை, அறுவை சிகிச்சை, புற்றுநோய், சாதாரணத் தொற்று ஆகியவற்றிலும் உயரும். எனவே அந்த ஓர் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ரத்தக்கட்டி இருப்பதாக முடிவுகட்ட முடியாது.

டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் தேவை

டெங்குவின் ஆபத்துக் கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாட்களுக்குள், உடம்புச் சூடு தணியும் நேரத்தில் வருகிறது. "காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாம்" என்று குடும்பம் நிம்மதி அடையும் அதே வேளையில், நுண்ணிய ரத்தநாளங்களிலிருந்து பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். ரத்தம் அடர்த்தியாகி, அழுத்தம் இறங்கி, அதிர்ச்சி நிலைக்குக் கொண்டுபோகலாம். இந்தக் கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் கசிந்த நீர் தானே ரத்தத்துக்குத் திரும்பும்.

கவுண்டுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பிளேட்லெட்டுக்குப் பக்கத்திலேயே பி.சி.வி. என்று ஓர் எண் இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பது அது. பிளாஸ்மா கசிந்தால் இது ஏறும். நோயாளியின் வழக்கமான அளவைவிட 20 சதவீதம் கூடினால் கசிவு பலமாக இருக்கிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வீட்டார் கவுண்டை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, வார்டு மருத்துவர் பி.சி.வி.யைப் பார்த்துத்தான் சலைன் ஏற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்.

கார்டு டெஸ்ட்டில் தெரியும் குற்றவாளி

டெங்குவை முதல் சில நாட்களிலேயே கண்டுபிடிக்க என்.எஸ்.1 சோதனை செய்கிறார்கள். என்.எஸ்.1 என்பது, வைரஸ் தொற்றிய அணுக்கள் ரத்தத்தில் கொட்டும் ஒரு புரதம். நீண்ட காலம் இதை வெறும் அடையாளமாகவே பார்த்தார்கள். 2015-ல் வெளியான ஆய்வுகள் வேறு கதை சொல்லின. வைரஸே இல்லாமல் இந்தப் புரதம் மட்டும் இருந்தாலும் ரத்தநாளங்கள் கசியும் என்று எலிகளில் காட்டின. ரத்தநாள உட்சுவரின் மேல் வழவழப்பான சர்க்கரைப் படலம் ஒன்று உண்டு. அதை இந்தப் புரதம் சிதைப்பதும் பின்னர் தெரியவந்தது.

பிளேட்லெட் ஏற்றினால் சரியாகிவிடுமா?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 டெங்கு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வெளியானது. எல்லோரும் பெரியவர்கள். எல்லோருக்கும் கவுண்ட் 20,000-க்குக் கீழே. ஆனால் பெரிய ரத்தக் கசிவு இல்லை. பாதிப் பேருக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றினார்கள், மீதிப் பேருக்கு ஏற்றவில்லை. ரத்தக் கசிவைத் தடுப்பதில் ஏற்றியதால் பலன் தெரியவில்லை. ஏற்றியவர்களிடம் ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள் கூடுதலாக இருந்தன. உண்மையாகவே ரத்தம் போய்க்கொண்டிருக்கும் நோயாளிக்குத் தட்டணு தேவைப்படலாம். அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர். "கவுண்ட் குறைஞ்சிடுச்சு, ஏத்துங்க டாக்டர்" என்று வற்புறுத்துவதில் லாபமில்லை.

பப்பாளி இலைச் சாறு

டெங்கு சீசனில் பப்பாளி மரங்கள் மொட்டையாவது நமக்குப் பழகிய காட்சி. இந்தச் சாற்றால் கவுண்ட் சற்று வேகமாக ஏறியதாகச் சில சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் டெங்குவில் கவுண்ட் எந்தச் சாறும் இல்லாமலே சில நாளில் தானாக ஏறும். உயிருக்கு ஆபத்து பிளாஸ்மா கசிவில் இருக்கிறது. அதை இந்தச் சாறு நிறுத்துவதாக நிரூபணம் இல்லை. கசப்புச் சாறு குடித்து வாந்தி எடுத்தால் உள்ளே இருக்கும் நீரும் போய்விடும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

உடம்பு வலி மாத்திரையில் எச்சரிக்கை

ஆஸ்பிரின் ஒரு தட்டணுவின் வேலையை நிறுத்தினால் நிறுத்தியதுதான். உட்கரு இல்லாத தட்டணுவால் முடங்கிய நொதியைப் புதிதாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. ஆயுள் முடியும்வரை அது செயலற்றே சுற்றும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றின் விளைவு தற்காலிகம் என்றாலும், ரத்தக் கசிவையும் வயிற்றுப்புண்ணையும் தூண்டும். டெங்கு சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் மட்டும் போதும், அதுவும் அளவோடு என்பதற்கு இதுதான் காரணம். குழந்தைகளுக்கு ஃப்ளூ, சின்னம்மை காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வரலாம்.

ரத்த அழுத்தப் பட்டையால் ஒரு சோதனை

பி.பி. பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் நடுவில் அழுத்தத்தை நிறுத்தி 5 நிமிடம் வைத்திருப்பார்கள். எடுத்த பிறகு முன்கையில் ஒரு சதுர அங்குலத்தில் 10 அல்லது அதற்கு மேல் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், நுண்ணிய ரத்தநாளங்கள் பலவீனமாக இருக்கின்றன, டெங்குவாக இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். லேப் வசதி இல்லாத இடங்களில் கைகொடுக்கும் பழைய முறை. இதை மட்டும் வைத்து உறுதி செய்வதில்லை.

இரண்டாவது டெங்கு ஏன் மோசம்?

டெங்குவில் நான்கு வகைகள். ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு நீண்ட எதிர்ப்பு உண்டு. வேறு வகை வரும்போது பழைய எதிர்ப்புரதங்கள் வைரஸை அழிக்காமல், அதை வெள்ளையணுவுக்குள் நுழைய உதவிவிடலாம். தாய்லாந்தில் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட் இந்தக் கருத்தை முன்வைத்தார். கியூபாவில் 1977-ல் முதல் வகை பரவியது. 1981-ல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். தீவிரமாகப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்பே முதல் வகை கண்டவர்கள்.

உறைவதும் கசிவதும் ஒரே நேரத்தில்

டி.ஐ.சி. என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் சொல்வார்கள்: உடம்பு முழுக்கச் சிறு நாளங்களில் நுண்கட்டிகள், கூடவே ஊசி குத்திய இடம், ஈறு, குடல் எங்கும் ரத்தக் கசிவு. கேட்க முரணாக இருக்கும். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கே சாம்பாரை எல்லாம் ஊற்றிவிட்டால் கடைசிப் பந்திக்கு வெறும் சோறுதான் மிஞ்சும் இல்லையா? அதேபோல் தேவையில்லாத இடங்களில் தட்டணுக்களும் உறைபொருள்களும் தீர்ந்துபோவதால், உண்மையான காயத்தை அடைக்க ஒன்றும் இருப்பதில்லை. எபோலா, கிரிமியன்-காங்கோ காய்ச்சல் போன்ற கடும் வைரஸ் நோய்களில் இது நேர்கிறது. பாக்டீரியத் தொற்று ரத்தத்தில் பரவும்போதும் வரும்.

பெயர் மாறிய நோய்

1976-ல் ஆப்பிரிக்காவில் முதலில் அறியப்பட்ட எபோலாவுக்கு 'ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்ற அடைமொழி இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-ல் அது பரவிய தொடக்க மாதங்களின் தரவுகளைத் தொகுத்தபோது, வெளிப்படையான ரத்தக் கசிவு 18 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு, உடல் தளர்ச்சி ஆகியவையே மிகுதி. இப்போது 'எபோலா வைரஸ் நோய்' என்றே சொல்கிறார்கள்.

கொக்கிப் புழுவிடம் கடன் வாங்கிய மருந்து

கொக்கிப் புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும்போது, ரத்தம் உறையாதிருக்க ஒரு புரதத்தைச் சுரக்கும். திசுக் காரணியின் வேலையைத் தடுக்கும் இந்தப் புரதத்தைச் செயற்கையாகத் தயாரித்து, எபோலா தொற்றிய 9 குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பொதுவாக எல்லாமே இறந்துவிடும் அந்த நோயில் 3 குரங்குகள் பிழைத்தன. 2003-ல் வெளியான இந்த முடிவு, ரத்தம் கசியும் நோயிலும் உறைதலைத் தடுப்பது உயிர் காக்கலாம் என்று காட்டியது. மனிதருக்கான எபோலா மருந்தாக அது வரவில்லை.

வேலூர் மூஞ்சூறும் கொரியப் போரும்

கொரியப் போரில் 3,000-க்கும் மேற்பட்ட ஐ.நா. படைவீரர்களுக்குக் காய்ச்சல், ரத்தக் கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு என்று மர்ம நோய் வந்தது. அதற்குக் காரணமான ஹன்டான் வைரஸை தென்கொரிய அறிவியலாளர் ஹோ வாங் லீ 1976-ல்தான் கண்டுபிடித்தார். தட்டணுக்களிலும் ரத்தநாள உட்சுவரிலும் இருக்கும் ஒரே வகை ஏற்பியைப் பிடித்துக்கொண்டு இது உள்ளே நுழைகிறது. ஆனால் ஹன்டா என்ற இந்த வைரஸ் குடும்பத்தில் முதலில் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் நம் வேலூரைச் சேர்ந்தது! 1964-ல் ஒரு மூஞ்சூறிடமிருந்து எடுக்கப்பட்ட அதன் பெயர் தோட்டப்பாளையம் வைரஸ். அது ஹன்டா குடும்பம் என்பது பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது.

குரங்குகள் செத்து விழுந்த காடு

1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டக் காட்டில் குரங்குகள் கூட்டமாகச் செத்தன. சுற்றுவட்டார மக்களுக்கும் காய்ச்சல் கண்டது. உண்ணிகள் பரப்பும் கியாசனூர் காட்டு நோய் அது. தட்டணுக்களும் வெள்ளையணுக்களும் குறைந்து, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும். டெங்கு வைரஸுக்கு உறவுக்கார வைரஸ். பின்னாளில் வயநாட்டிலும் நீலகிரியிலும் இதன் தடயம் தென்பட்டது.

ஈரல் கெட்டால் கவுண்ட் ஏன் குறைகிறது?

உறைபொருள்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது ஈரல். தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பதும் ஈரல்தான். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் ஆண்டுக்கணக்கில் ஈரலை இறுக வைக்கும்போது இரண்டும் குறைகின்றன. கூடவே மண்ணீரல் வீங்கி, இருக்கும் தட்டணுக்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. காய்ச்சலே இல்லாமல் கவுண்ட் தொடர்ந்து குறைவாக இருந்தால் ஈரலையும் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான்.

ஃப்ளூ வந்த வாரத்தில் மாரடைப்பு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து, 2018-ல் வெளியான ஆய்வு இது. பரிசோதனையில் ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில், அதே நபருக்கு மற்றக் காலங்களைவிட மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய 6 மடங்கு இருந்தது. இதயத் தமனியில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு அழற்சியால் வெடிக்கலாம். அதன்மேல் தட்டணுக்கள் குவிந்து அடைக்கலாம். இதய நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி பரிந்துரைப்பதன் பின்னணி இதுதான்.

கொரோனா நுரையீரலில் ஒன்பது மடங்கு

2020-ல் ஜெர்மானிய, அமெரிக்க நோயியலாளர்கள் கொரோனாவில் இறந்தவர்களின் நுரையீரலை, ஃப்ளூவில் இறந்தவர்களின் நுரையீரலோடு ஒப்பிட்டார்கள். காற்று நுண்ணறைகளைச் சுற்றிய தந்துகிகளில் நுண்கட்டிகள் கொரோனாவில் 9 மடங்கு இருந்தன. காற்று உள்ளே போனாலும் ஆக்சிஜனை ஏற்றிச் செல்ல ரத்த ஓட்டம் இல்லாத பகுதிகள் உண்டாயின.

அதே மருந்து, ஆள் பார்த்துத்தான்

இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் ஒரு முடிவைச் சொன்னது. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. வைரஸை எதிர்க்க வேண்டிய நேரத்தில் அழற்சியை அடக்குவது உதவாது.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினிலும் இதே கதை. முழு அளவு ஹெப்பாரின், வார்டில் இருந்த மிதமான நோயாளிகளுக்கு உதவியது. தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு உதவவில்லை என்று 2021-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. கட்டிகள் பெருகிய பிறகு மருந்து பிந்திவிடுகிறது போலும். ஏறக்குறைய 15,000 பேரிடம் சோதித்த ஆஸ்பிரினோ இறப்பைக் குறைக்கவே இல்லை.

நாய் ஈரலிலிருந்து பன்றிக் குடல்வரை

ஹெப்பாரினைக் கண்டெடுத்தவர் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர். இடம் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆண்டு 1916. ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடிப் போனவருக்கு, நாயின் ஈரலில் கிடைத்தது உறையவிடாத பொருள்! இன்று உலகம் பயன்படுத்தும் ஹெப்பாரினில் பெரும்பகுதி பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது.

லட்சத்தில் ஓரிருவர்

ஆஸ்ட்ராஜெனகாவின் கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு மிகச் சிலருக்கு ரத்தக்கட்டியும் தட்டணுக் குறைவும் சேர்ந்து வந்தன. ஐரோப்பாவில் லட்சத்தில் ஓரிருவர் என்ற அளவு. 2021-ல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் குழு காரணத்தைக் கண்டது: தட்டணு வெளியிடும் பி.எஃப்.4 என்ற புரதத்துக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்புரதம் தயாரித்துவிட்டது. தடுப்பூசியில் சுமைதூக்கியாக இருந்தது அடினோ வைரஸ். சளி பிடிக்க வைக்கும் சாதாரண அடினோ வைரஸ் தொற்றிய சிலருக்கும் இதே கோளாறு இயற்கையாக வந்திருப்பது 2023-ல் பதிவானது.

குழந்தையின் காலில் திடீர்ச் சிவப்புப் புள்ளிகள்

சளி, காய்ச்சல் வந்து ஓரிரு வாரம் கழித்து, நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் காலில் சிவப்புப் புள்ளிகளும் நீலக் கன்றல்களும் தோன்றலாம். கவுண்ட் 20,000-க்கும் கீழே போயிருக்கும். வைரஸை எதிர்க்கப் பிறந்த எதிர்ப்புரதம் தட்டணுக்களையும் தாக்குவதால் வருவது இது; ஐ.டி.பி. என்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 மாதத்துக்குள் சரியாகிவிடும். ஆனால் முதலில் மருத்துவர் பார்த்து வேறு நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

அம்மை இறங்கிய பிறகும்

சின்னம்மை வந்துபோன 6 மாதங்களுக்குள் குழந்தைகளுக்குப் பக்கவாத வாய்ப்பு 4 மடங்கு இருந்ததாக, பிரிட்டன் தரவுகளைக் கொண்டு 2014-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வைரஸ் நரம்பு வழியே மூளைத் தமனியின் சுவரை எட்டி அங்கே அழற்சி உண்டாக்குவது காரணம். குழந்தைகளுக்குப் பக்கவாதம் வருவதே அபூர்வம் என்பதால் இந்த மடங்கைக் கண்டு மிரள வேண்டாம். தலைவலி, ஒரு பக்கத் தளர்ச்சி இருந்தால் அலட்சியம் கூடாது, அவ்வளவுதான்.

எச்.ஐ.வி.யும் இதயமும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகளில்தான் அது தெரிந்தது. இன்று கூட்டு மருந்தால் நோயாளிகள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். ஆனால் அடங்கிக் கிடக்கும் வைரஸும் மெல்லிய அழற்சியைத் தொடர்ந்து மூட்டிக்கொண்டே இருக்கும். சிகிச்சையை இடையில் நிறுத்தியவர்களுக்கு டி-டைமரும் இன்டர்லூகின்-6-ம் உயர்ந்ததையும், அவை உயர்ந்திருந்தவர்களிடம் இறப்பு மிகுந்ததையும் ஸ்மார்ட் என்ற பன்னாட்டு ஆய்வு காட்டியது. 7,769 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், பிடவாஸ்டாடின் மாத்திரை இதயப் பாதிப்புகளை 35 சதவீதம் குறைத்ததாக 2023-ல் தெரியவந்தது.

காய்ச்சல் வீட்டில் என்ன செய்யலாம்?

முதல் வேலை, காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதி வைப்பது. டெங்குவில் எந்தச் சோதனையை எப்போது செய்வது, எந்த நாளில் கூடுதலாகக் கண்காணிப்பது என்பதெல்லாம் அந்த நாள்கணக்கைப் பொறுத்தே முடிவாகிறது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம் போவது, கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, அரைமயக்கம் அல்லது அமைதியின்மை. இவை கசிவுக்கானவை.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவை உறைவுக்கானவை. கடும் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களிடம் அடுத்த சில வாரங்களுக்கும் இவற்றைக் கவனிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த ஸ்டீராய்டையோ ரத்தம் இளக்கும் மாத்திரையையோ நாமாக வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. அதே மருந்து ஒரு கட்டத்தில் உயிரைக் காக்கிறது, இன்னொரு கட்டத்தில் பலன் தராமல் கெடுதல் செய்கிறது. இதய நோய்க்கு ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களும் காய்ச்சல் வந்தால் தாமாக நிறுத்தவோ தொடரவோ செய்யாமல், அந்த மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.